ஏ.என்.ஏ. சோதனை: ஸ்லைடு போடுவதும் படிப்பதும்

மூட்டுவலி என்று வருகிறவருக்கு எழுதும் சோதனைச் சீட்டில் ஆர்.ஏ. ஃபேக்டர், யூரிக் ஆசிட், சி.ஆர்.பி.யோடு ஏ.என்.ஏ.வும் சேர்ந்து வருவது இப்போது சகஜம். நம் சொந்த செல்களின் உட்கருவையே பிடிக்கும் ஆன்டிபாடி (ஆட்டோஆன்டிபாடி) ரத்தத்தில் இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை இது. தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் இதில் கூடுதலாக ஒரு சிக்கல் உண்டு. பென்னாகரம், பாலக்கோடு பக்கத்து ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் ஃபுளோரைடு அதிகம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதனால்தான். பல வருடம் அந்தத் தண்ணீரைக் குடித்தவருக்கு முதுகு விறைக்கும், முழங்கால் மடக்க வராது, கீழே குனிய முடியாது. அது எலும்பில் படிந்த ஃபுளோரைடு செய்யும் வேலை. ஆட்டோஆன்டிபாடிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அப்படி ஒருவரின் ஸ்லைடு 1:80-இல் லேசாக மின்னியதைப் பார்த்து 'ஏ.என்.ஏ. பாசிட்டிவ்' என்று மட்டும் அடித்துக் கொடுத்தால், இல்லாத லூபஸுக்காக (உடலின் எதிர்ப்புச் சக்தி தன்னையே தாக்கும் நோய்) அவர் சேலத்துக்கும் பெங்களூருக்கும் அலைவார். பேட்டர்ன் (செல்லில் எது, எப்படி மின்னுகிறது), டைட்டர் (சீரத்தை எவ்வளவு நீர்த்தாலும் மின்னுகிறது) இரண்டும் இல்லாத ஏ.என்.ஏ. ரிப்போர்ட் பாதி ரிப்போர்ட்கூட இல்லை.

இங்கே சொல்வது, லேபில் வளர்த்த ஹெப்-2 செல்கள் ஒட்டிய ஸ்லைடில் செய்யும் மறைமுக இம்யூனோஃபுளோரசன்ஸ் முறை: நோயாளியின் ஆன்டிபாடி செல்லைப் பிடிக்க, ஒளிரும் சாயம் கோத்த இரண்டாவது ஆன்டிபாடி அதைக் காட்டிக்கொடுக்கும். எலைசாவில் செய்யும் ஏ.என்.ஏ. ஸ்கிரீனிங் வேறு. அதில் கிண்ணத்தில் பூசி வைத்த சில ஆன்டிஜென்களுக்கு (ஆன்டிபாடி பிடிக்கும் பொருள்) மட்டுமே விடை கிடைக்கும். பூசாத ஆன்டிஜெனுக்கு ஆன்டிபாடி இருந்தாலும் நெகட்டிவ்தான் வரும்.

ஆன்டிபாடி எதைப் பிடிக்கிறது

ஸ்லைடைத் தொடுவதற்கு முன் இது புரிந்திருக்க வேண்டும். புரியாமல் பேட்டர்ன் படங்களை மனப்பாடம் செய்தவர், கலப்புப் பேட்டர்ன் வந்த அன்று தடுமாறுவார்.

ஐ.ஜி.ஜி. ஆன்டிபாடிக்கு இரண்டு கைகள். ஒவ்வொரு கையின் நுனியிலும் ஆறு வளையங்கள்: கனச் சங்கிலியிலிருந்து மூன்று, லேசான சங்கிலியிலிருந்து மூன்று. இந்த ஆறும் சேர்ந்து அமைக்கும் மேற்பரப்புதான் ஆன்டிஜெனில் போய் உட்காருகிறது. பிடிபடும் இடம் பெரும்பாலும் புரதச் சங்கிலியின் தொடர்ச்சியான ஒரு துண்டு அல்ல. சங்கிலி மடிந்த பிறகு பக்கத்தில் பக்கத்தில் வந்து சேர்ந்த அமினோ அமிலங்களின் ஒரு திட்டு அது. ஆகவே புரதத்தின் மடிப்பு குலைந்தால் ஆன்டிபாடிக்குப் பிடிமானம் போய்விடும். ஸ்லைடை எந்தக் கரைசலில் பதப்படுத்தினார்கள், ஸ்ட்ரிப்பில் (ஆன்டிஜென்களைத் தனித்தனிக் கோடுகளாகப் பதித்த பட்டை) இயற்கைப் புரதம் வைத்திருக்கிறார்களா, செயற்கையாகத் தயாரித்ததா என்பதெல்லாம் ரிசல்ட்டை மாற்றுவது இதனால்தான். ரோ60 என்ற புரதம் இதற்கு நல்ல உதாரணம். மடிப்பு கலைந்த ரோ60-ஐப் பல நோயாளிகளின் ஆன்டிபாடி கண்டுகொள்வதே இல்லை.

டி.என்.ஏ. விஷயம் வேறு. அதன் முதுகெலும்பு முழுக்க பாஸ்பேட், அதாவது எதிர்மின். அதைப் பிடிக்கும் ஆன்டிபாடியின் வளையங்களில், முக்கியமாகக் கனச் சங்கிலியின் மூன்றாவது வளையத்தில், நேர்மின் ஏற்ற ஆர்ஜினின் அதிகம் இருக்கும். அவற்றில் பல பிறவியிலேயே இருந்தவை அல்ல. ஆன்டிபாடி தயாரிக்கும் பி-செல் திரும்பத் திரும்பத் தூண்டப்பட்டு, மரபணுவில் மாற்றம் அடைந்து சேர்த்துக்கொண்டவை. டி-செல்லின் உதவி இல்லாமல் இந்த அளவுக்குப் போக முடியாது.

அடுத்தது ஸ்ப்ளைசிங் துகள்கள்: ஆர்.என்.ஏ.வை வெட்டி ஒட்டும், ஆர்.என்.ஏ.வும் புரதமும் சேர்ந்த துகள்கள் (ஆர்.என்.பி.). பி, டி1, டி2, டி3, இ, எஃப், ஜி என்ற ஏழு எஸ்.எம். புரதங்கள் ஒரு சிறு ஆர்.என்.ஏ.வைச் சுற்றி வளையமாக உட்கார்ந்திருக்கும். யூ1, யூ2, யூ4, யூ5 துகள்கள் எல்லாவற்றிலும் இந்த வளையம் உண்டு. யூ1 துகளில் மட்டும் கூடுதலாக 70கே, ஏ, சி என்ற மூன்று புரதங்கள், ஆன்டி-ஆர்.என்.பி. பிடிப்பது இவற்றை. ஒரு பி-செல் 70கே-யைப் பிடித்தாலும் உள்ளே இழுப்பது முழுத் துகளையும்தான். துகளிலுள்ள எல்லாப் புரதங்களின் துண்டுகளையும் அது டி-செல்லுக்குக் காட்டும். கூடவே வரும் ஆர்.என்.ஏ. உள்ளே டி.எல்.ஆர்.7 என்ற எச்சரிக்கை மணியை அடிக்கும். இப்படி ஒரு புரதத்தில் தொடங்கிய பிடி அடுத்த புரதத்துக்குத் தாவுகிறது. ஆன்டி-எஸ்.எம். இருப்பவருக்கு ஆர்.என்.பி.யும் ஏறக்குறைய எப்போதும் சேர்ந்திருப்பதும், ரோ, லா என்ற இரு புரதங்களின் ஆன்டிபாடிகள் ஜோடியாக வருவதும் இதனால்தான். ஸ்ட்ரிப்பில் ஆர்.என்.பி. இல்லாமல் எஸ்.எம். கோடு மட்டும் தனியாகத் தெரிந்தால் உடனே நம்பிவிட வேண்டாம்.

உட்கருவுக்குள் பத்திரமாக இருக்கும் புரதம் வெளியே எப்படித் தெரிகிறது? உயிருள்ள செல்லுக்குள் ஆன்டிபாடி சாதாரணமாக நுழையாது. செல் தானாகச் சாகும்போது அதன் மேல்தோலில் கொப்புளங்கள் கிளம்பும். ரோ, லா, நியூக்ளியோசோம் (ஹிஸ்டோன் புரதங்களில் டி.என்.ஏ. சுற்றிய உருண்டை) எல்லாம் அந்தக் கொப்புளங்களில் வந்து குவியும். அதை அப்புறப்படுத்தும் வேலை சரியாக நடந்தால் பிரச்சினை இல்லை. சி1க்யூ என்ற காம்ப்ளிமென்ட் புரதம் பிறவியிலேயே இல்லாதவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு லூபஸ் வருவது, அப்புறப்படுத்தல் எவ்வளவு முக்கியம் என்பதற்குச் சாட்சி. வெயிலின் புற ஊதாக் கதிர் தோல் செல்களைச் சாக வைத்து ரோவை மேற்பரப்புக்குக் கொண்டுவருகிறது. லூபஸ்காரருக்கு வெயில் ஆகாது என்பதன் பின்னணியில் இதுவும் உண்டு.

ரத்தம் எடுப்பதும் அனுப்புவதும்

வெறும் வயிறு தேவையில்லை. சிவப்பு மூடி அல்லது ஜெல் டியூபில் 3 முதல் 5 மில்லி போதும். அரை மணி உறைய விட்டு, 3000 ஆர்.பி.எம்.மில் 10 நிமிடம் சுற்றுங்கள். சீரம் 2 முதல் 8 டிகிரியில் இரண்டு வாரம் தாங்கும். அதற்கு மேல் வைக்க வேண்டுமென்றால் சிறு சிறு பங்காகப் பிரித்து மைனஸ் 20-இல் வையுங்கள். திரும்பத் திரும்ப உருக்கி உறைய வைத்தால் ஐ.ஜி.ஜி. திரண்டு, ஸ்லைடு முழுக்கப் பொட்டுப் பொட்டாக மின்னும்.

அரூர், ஊத்தங்கரை, தேன்கனிக்கோட்டை மையங்களில் எடுத்த ரத்தத்தைச் சுற்றாமல் அப்படியே பஸ்ஸில் ஏற்றிவிடுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. அஞ்செட்டி மலைப் பாதையில் குலுங்கி வந்த டியூபில் சிவப்பணுக்கள் உடைந்து சீரம் ரோஸ் நிறத்தில் இருக்கும். சேகரிக்கும் இடத்திலேயே சுற்றி, சீரத்தை மட்டும் வேறு டியூபுக்கு மாற்றி அனுப்பச் சொல்லுங்கள். ஐஸ் பேக் வையுங்கள், ஆனால் டியூபை நேரடியாக ஐஸில் புதைக்க வேண்டாம். நடுவில் ஒரு துணியாவது இருக்கட்டும்.

பஃபர்

தரமில்லாத தண்ணீரில் பஃபர் கலக்கினால் அன்றைய ரன் வீண். நம் ஊர்த் தண்ணீரில் சுண்ணாம்புச் சத்து அதிகம். அதிலுள்ள கால்சியம் பஃபரின் பாஸ்பேட்டோடு சேர்ந்து வெண்படிவாகி ஸ்லைடில் ஒட்டும். வீட்டு ஆர்.ஓ. தண்ணீரும் வேண்டாம், பேட்டரிக் கடைத் தண்ணீரும் வேண்டாம். லேப் தரத்து டிஸ்டில்ட் வாட்டர் வாங்குங்கள்.

பல கிட்களில் உப்புப் பாக்கெட் வரும்; ஒரு லிட்டரில் கரைத்தால் ஆயிற்று. நாமே தயாரிப்பதானால் ஒரு லிட்டருக்கு சோடியம் குளோரைடு 8 கிராம், பொட்டாசியம் குளோரைடு 0.2 கிராம், நீரற்ற டைசோடியம் ஹைட்ரஜன் பாஸ்பேட் 1.44 கிராம், பொட்டாசியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் 0.24 கிராம். பி.எச். 7.4. கிட் கேட்டால் மட்டும் ட்வீன்-20 சேருங்கள். வழக்கமான அளவு லிட்டருக்கு 2 மில்லி. ட்வீன் பிசுபிசுப்பானது. பைப்பெட் நுனியைத் துடைக்காமல் விட்டால் 2 மில்லி என்பது இரண்டரை ஆகிவிடும். பி.எச். பார்க்காமல் ரன் தொடங்க வேண்டாம். நாம் பார்க்கப்போகும் பச்சை ஒளியைத் தருவது எஃப்.ஐ.டி.சி. என்ற சாயம். அமிலம் ஏறினால் அதன் ஒளி மங்கும்.

ஸ்லைடு போடும் வரிசை

கீழே உள்ள அளவுகள் பொதுவானவை. உங்கள் கிட்டின் கையேடு வேறு அளவு சொன்னால் அதையே பின்பற்றுங்கள்.

1. ஸ்லைடுப் பையை ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து, பிரிக்காமல் அறை வெப்பத்துக்கு வர விடுங்கள். அரை மணியாவது ஆகும். குளிர்ந்த பையைப் பிரித்தால் செல்களின் மேல் ஈரம் கோத்துக்கொள்ளும், உட்கருவின் ஓரங்கள் கலைந்துவிடும்.

2. டைல்யூஷன்: 1:80-க்கு 10 மைக்ரோலிட்டர் சீரமும் 790 மைக்ரோலிட்டர் பஃபரும். கிட் 1:100-இல் தொடங்கினால் 10-க்கு 990. 2 மைக்ரோலிட்டரை 158-இல் கலந்து பஃபரை மிச்சம் பிடிக்கலாம் என்று தோன்றும்; வேண்டாம். 2 மைக்ரோலிட்டரில் பைப்பெட்டின் பிழை பெரிது, டைட்டர் ஒரு படி ஏறும் அல்லது இறங்கும். கலந்த சீரத்தை அன்றே பயன்படுத்துங்கள்.

3. பத்து வெல் (செல்கள் ஒட்டிய வட்டம்) உள்ள ஸ்லைடில் முதல் வெல்லுக்கு பாசிட்டிவ் கன்ட்ரோல், இரண்டாவதுக்கு நெகட்டிவ் கன்ட்ரோல், மீதி எட்டும் நோயாளிகளுக்கு. வெல்லுக்கு 25 முதல் 30 மைக்ரோலிட்டர். பைப்பெட் நுனி செல்லைத் தொடக் கூடாது.

4. ஈரப்பெட்டியில் மூடி 30 நிமிடம். மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவின் அடியில் நனைத்த டிஷ்யூ பேப்பர் விரித்தால் போதும். அறை 18 முதல் 25 டிகிரிக்குள் இருக்க வேண்டும். சித்திரை, வைகாசியில் தர்மபுரியில் ஏ.சி. இல்லாத அறையில் இதை எதிர்பார்க்க முடியாது; துளி ஓரத்திலிருந்து காய ஆரம்பிக்கும். ஃபேனுக்குக் கீழே வைப்பதும் அதே கதைதான்.

5. கழுவுதல்: ஸ்லைடைச் சாய்த்துப் பிடித்து, வெல்களுக்கு மேலே உள்ள வெற்றுக் கண்ணாடியில் பஃபரை மெதுவாக ஊற்றி வழிய விடுங்கள். செல்லைப் பார்த்துப் பீய்ச்சினால் செல் உரிந்து வரும். பாசிட்டிவ் கன்ட்ரோலின் நீர் மற்ற வெல்களின் மேல் ஓடாதபடி சாய்மானத்தை வையுங்கள். பிறகு பஃபர் நிறைந்த ஜாடியில் 5 நிமிடம், இரண்டு முறை. இரண்டாவது முறைக்குப் புது பஃபர்.

6. வெல்களுக்கு இடையில் உள்ள ஈரத்தை மட்டும் ஒற்றி எடுங்கள். வெல் காய்வதற்குள் கான்ஜுகேட் விழ வேண்டும். எஃப்.ஐ.டி.சி. கோத்த, மனித ஐ.ஜி.ஜி.யைப் பிடிக்கும் ஆன்டிபாடிதான் கான்ஜுகேட். வெல்லுக்கு 25 மைக்ரோலிட்டர், இருட்டில் 30 நிமிடம். அலமாரிக்குள் வைத்தால் போதும்.

7. அதே மாதிரி மறுபடி கழுவுங்கள். கிட் இவான்ஸ் ப்ளூ என்ற பின்னணிச் சாயத்தைச் சேர்க்கச் சொன்னால் சொன்ன அளவுக்கு மேல் ஒரு துளியும் வேண்டாம். சிவப்புப் பின்னணி ஏறி, பலவீனமான பச்சையை விழுங்கிவிடும்.

8. மவுன்டிங் கிளிசரினை கவர் ஸ்லிப்பில் வைத்து, ஸ்லைடை ஒரு ஓரத்திலிருந்து மெதுவாக இறக்குங்கள். குமிழி வந்தால் அழுத்த வேண்டாம். கவர் ஸ்லிப்பை பஃபரில் நழுவ விட்டு மறுபடி போடுங்கள்.

அன்றே படித்துவிடுங்கள். மைக்ரோஸ்கோப்பில் நீல ஒளி சுமார் 490 நானோமீட்டரில் போய், பச்சை 520-க்குப் பக்கத்தில் திரும்பி வரும். மெர்குரி விளக்கென்றால் சூடேறச் சில நிமிடம் கொடுங்கள், எரிந்த மணிநேரத்தை எழுதி வையுங்கள்; பழைய விளக்கில் டைட்டர் குறைந்துகொண்டே போகும், யாருக்கும் தெரியாது. புதிதாக வாங்குபவர் எல்.இ.டி. வாங்கட்டும்.

படிப்பது: முதலில் பிரியும் செல்லைத் தேடுங்கள்

20 எக்ஸ் லென்ஸில் பார்வைப் புலத்தை ஒரு சுற்று பார்த்துவிட்டு 40-க்குப் போங்கள். எல்லோருடைய கண்ணும் பெரிய, அழகான, ஓய்வில் இருக்கும் உட்கருக்களுக்குத்தான் போகும். அவற்றை விட்டுவிட்டு, இரண்டாகப் பிரிந்துகொண்டிருக்கும் செல்லைத் தேடுங்கள். அதன் நடுவே குரோமோசோம்கள் பட்டையாக அடுக்கி நிற்கும் மெட்டாஃபேஸ் தட்டு மின்னுகிறதா, கறுப்பாக இருக்கிறதா? படிப்பதில் பாதி வேலை இந்த ஒரு கேள்வியில் முடிகிறது.

காரணம் எளிது. செல் பிரியும்போது உட்கரு உறை கரைந்துவிடும். குரோமோசோமோடு ஒட்டியிருப்பவை தட்டில் தங்கும், ஒட்டாத ஆர்.என்.பி. துகள்கள் செல் முழுக்கக் கலைந்து போகும். ஆகவே தட்டு மின்னினால் ஆன்டிபாடி பிடிப்பது குரோமாட்டினோடு, அதாவது டி.என்.ஏ.வும் ஹிஸ்டோனும் சேர்ந்த கட்டோடு, ஒட்டியதை: டி.என்.ஏ., ஹிஸ்டோன், நியூக்ளியோசோம் போன்றவை. தட்டு கறுத்து, சுற்றிலும் மங்கலான பச்சை பரவியிருந்தால் எஸ்.எம்., ஆர்.என்.பி., ரோ, லா பக்கம் யோசியுங்கள். ஹெப்-2 செல்லைத் தேர்ந்தெடுத்ததே இதற்காகத்தான். முன்பு எலியின் ஈரல், சிறுநீரகச் சீவல்களில் பார்த்தார்கள். அவற்றில் பிரியும் செல்கள் கிடைப்பது அரிது, சென்ட்ரோமியரை (குரோமோசோமின் இடுப்புப் பகுதி) பிடிக்கும் ஆன்டிபாடிகள் கண்ணில் படாமலே போயின. (ஹெப்-2-ஐத் தொண்டைப் புற்றுச் செல் என்று இன்னமும் புத்தகங்களில் எழுதுகிறார்கள். அது உண்மையில் ஹீலா செல் என்று மரபணுச் சோதனை எப்போதோ சொல்லிவிட்டது. நம் வேலைக்கு அதனால் குறையில்லை.)

பேட்டர்ன்களுக்கு ஐ.சி.ஏ.பி. என்ற சர்வதேசக் குழு ஏ.சி. எண்கள் கொடுத்திருக்கிறது. ரிப்போர்ட்டில் அந்த எண்ணையே எழுதுங்கள். தர்மபுரியில் எழுதியது வேலூரிலும் பெங்களூரிலும் ஒரே பொருளில் புரியும்.

ஏ.சி.-1, ஹோமோஜீனியஸ்: உட்கரு முழுக்க வழுவழுப்பான பச்சை, தட்டும் அதே வழுவழுப்பில் பளிச். லூபஸ், மருந்தால் வரும் லூபஸ், சில குழந்தை மூட்டு அழற்சி. காசநோய்க்கு ஐசோநியாசிட் எடுப்பவரிலும் ஹிஸ்டோன் ஆன்டிபாடியால் இது வரும். பாசிட்டிவ் ஆவது சாதாரணம், லூபஸாக மாறுவது அரிது. சீட்டில் டி.பி. மாத்திரை எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்.

ஏ.சி.-2, அடர்ந்த நுண்புள்ளி: இதில்தான் அதிகம் ஏமாறுகிறோம். தட்டு பளிச்சென்று மின்னுவதால் அவசரத்தில் ஏ.சி.-1 என்று எழுதிவிடுவோம். ஃபோகஸை மெல்ல நகர்த்தினால் உட்கருவிலும் தட்டிலும் சொரசொரப்பான புள்ளிகள் தெரியும், ஏ.சி.-1-இல் அந்தச் சொரசொரப்பு இருக்காது. பெரும்பாலும் டி.எஃப்.எஸ்.70 என்ற புரதத்துக்கான ஆன்டிபாடி இது. ஆரோக்கியமானவரிடமும் உயர்ந்த டைட்டரில் கிடைக்கும். இது மட்டும் தனியாக இருந்தால், வேறு எந்த ஆன்டிபாடியும் இல்லையென்றால், லூபஸ் வகை நோய்க்கான வாய்ப்பு குறைகிறது. கண்ணால் மட்டும் முடிவு செய்யாமல் டி.எஃப்.எஸ்.70 உள்ள ஸ்ட்ரிப்பில் உறுதி செய்யுங்கள்.

ஏ.சி.-3, சென்ட்ரோமியர்: ஒரே அளவில் தனித்தனிப் புள்ளிகள், செல்லுக்கு 40 முதல் 80 வரை. மெட்டாஃபேஸில் அவை தட்டில் வரிசை கட்டி நிற்கும். ஒருமுறை பார்த்தவர் மறக்க மாட்டார். தோல் இறுகும் நோயின் வரம்புக்குட்பட்ட (லிமிட்டெட்) வகையோடு இதற்கு நெருங்கிய தொடர்பு. குளிரில் விரல் வெளுத்து நீலமாகிறதா என்று டாக்டர் கேட்பார்.

ஏ.சி.-4 நுண்புள்ளி, ஏ.சி.-5 பருபுள்ளி: இரண்டிலும் தட்டு கறுப்பு, உட்கருமணியும் (நியூக்ளியோலஸ்) பெரும்பாலும் கறுப்பு. ரோ, லா முன்னதில், எஸ்.எம்., ஆர்.என்.பி. பின்னதில். ஆரோக்கியமானவரிடம் குறைந்த டைட்டரில் வருவதும் பெரும்பாலும் ஏ.சி.-4தான். முன்னே சொன்ன ஃபுளோரைடு மூட்டுக்காரரின் ஸ்லைடில் எதிர்பார்க்க வேண்டியதும் இதையே.

ஏ.சி.-29, டோபோ-1: உட்கரு நுண்புள்ளி, உட்கருமணியும் மின்னும், தட்டும் மின்னும், சைட்டோபிளாசமும் லேசாக. இதைக் கலப்புப் பேட்டர்ன் என்று எழுதித் தவறவிடுவோர் உண்டு. எஸ்.சி.எல்-70 என்ற பழைய பெயர் இந்தப் புரதத்தின் உடைந்த துண்டுக்கு வைத்தது. முழுப் புரதம் சுமார் 100 கிலோ டால்ட்டன்.

உட்கருமணி மட்டும் மின்னும் ஏ.சி.-8, 9, 10-ம் பெரும்பாலும் தோல் இறுகும் நோய்க் குடும்பத்தையே காட்டும். உட்கரு உறை புள்ளிப் புள்ளியாக ஏ.சி.-12-ஆகவோ, உட்கருவில் 6 முதல் 20 புள்ளிகள் ஏ.சி.-6-ஆகவோ தெரிந்தால் ஈரல் பித்தநாள நோயை டாக்டர் நினைத்துப் பார்க்கட்டும்.

உட்கரு கறுத்து சைட்டோபிளாசம் மட்டும் மின்னினால் 'நெகட்டிவ்' என்று தூக்கிப் போட வேண்டாம். ஜோ-1 என்பது ஹிஸ்டிடைல் டி.ஆர்.என்.ஏ. சிந்தடேஸ், சைட்டோபிளாசத்து நொதி. அதற்கான ஆன்டிபாடி ஏ.சி.-20-ஆகத் தெரியும். தசை பலவீனமும் நுரையீரல் பிரச்சினையும் சேர்ந்தவரின் ஒரே தடயம் அதுவாக இருக்கலாம். ரைபோசோமல் பி ஆன்டிபாடி ஏ.சி.-19, இது லூபஸில் வருவது.

டைட்டர்

1:80-இல் தெளிவாக மின்னினால் 200 மைக்ரோலிட்டரை 200 பஃபரில் பாதி பாதியாக்கிக்கொண்டே போங்கள்: 1:160, 1:320, 1:640, 1:1280. பேட்டர்ன் அடையாளம் தெரியும் கடைசிப் படிதான் டைட்டர். வெறும் பச்சை மங்கல் கணக்கில் வராது.

டைட்டரை ஏன் கேட்கிறோம்? 1997-இல் வெளியான பல நாட்டு ஆய்வில் ஆரோக்கியமானவர்களில் 1:40-இல் 31.7%, 1:80-இல் 13.3%, 1:160-இல் 5%, 1:320-இல் 3.3% பேர் பாசிட்டிவ். எட்டுப் பேரில் ஒருவருக்கு 1:80 வரும் என்றால், மூட்டுவலிக்காரர் எல்லோருக்கும் சோதனை செய்யும் ஊரில் எத்தனை பொய் எச்சரிக்கை கிளம்பும் என்று யோசியுங்கள். மறுபக்கம், லூபஸின் 2019 வகைப்பாட்டு விதிகள் 1:80-ஐயே நுழைவாயிலாக வைத்திருக்கின்றன. 1:80-இலோ அதற்கு மேலோ ஒருமுறைகூட பாசிட்டிவ் ஆகாத ஒருவரை லூபஸ் என்று வகைப்படுத்துவதில்லை. ஆக 1:80 கதவைத் திறக்கும், அவ்வளவுதான்.

டைட்டர் ஏற்றும்போது ஒவ்வொரு படியிலும் பேட்டர்னையும் பாருங்கள். 1:80-இல் வலுத்த ஹோமோஜீனியஸுக்குக் கீழே ஒளிந்திருந்த சென்ட்ரோமியர் 1:640-இல் தலைகாட்டும். மிக வலுத்த சீரம் சில நேரம் குறைந்த டைல்யூஷனில் மங்கலாகவும் மேலே பளிச்சென்றும் இருப்பதுண்டு.

கோளாறும் காரணமும்

நெகட்டிவ் கன்ட்ரோலும் சேர்ந்து மின்னுகிறது: கழுவியது போதவில்லை, அல்லது வெல் காய்ந்திருக்கிறது. காய்ந்த வெல்லை அடையாளம் காண்பது சுலபம். ஓரத்தில் மஞ்சள் பச்சை வளையம், நடுவில் செல்கள் தட்டையாக, உட்கருவுக்கும் சைட்டோபிளாசத்துக்கும் வேறுபாடு தெரியாமல் இருக்கும். அந்த வெல்லை ரிப்போர்ட் செய்யாதீர்கள்.

பாசிட்டிவ் கன்ட்ரோலும் கறுப்பு: கான்ஜுகேட் வெளிச்சம் பட்டதா, ஃபில்டர் சரியானதா, பஃபரின் பி.எச். என்ன, இந்த வரிசையில் பாருங்கள். இரவில் கரன்ட் போய் ஃப்ரிட்ஜ் சூடாகியிருந்ததா என்று வெப்பப் பதிவேட்டையும் பாருங்கள்.

செல்களுக்கு வெளியே பளிச்சிடும் தூசு: கான்ஜுகேட் திரண்டுவிட்டது. பாட்டிலைக் குலுக்காமல், சிறு பங்கை சென்ட்ரிஃப்யூஜில் சுற்றி மேல்நீரை எடுங்கள்.

பக்கத்து வெல் இரண்டிலும் ஒரே பேட்டர்ன், ஒன்று வலுவாக, ஒன்று பலவீனமாக: சீரம் வழிந்திருக்கிறது. பலவீனமானதைத் தனி ஸ்லைடில் திரும்பப் போடுங்கள்.

ஸ்லைடு நெகட்டிவ், ஆனால் கண்ணும் வாயும் வறண்ட நோயாளி: ரோ60 கரையக்கூடியது, சில ஸ்லைடுகளில் பதப்படுத்தும்போதே கசிந்து போய்விடும். டாக்டரிடம் பேசி ரோவைத் தனியாகச் சோதியுங்கள். மற்றபடி, ஏ.என்.ஏ. நெகட்டிவ் ஆனவருக்கு முழு புரொஃபைல் (ஸ்ட்ரிப்) போடுவது நோயாளியின் பணத்துக்குத்தான் கேடு.

அடுத்த படி

ஸ்ட்ரிப் சோதனையில் பொதுவாக 15 மைக்ரோலிட்டர் சீரத்தை 1.5 மில்லி பஃபரில் கலந்து 30 நிமிடம்; மூன்று கழுவல், ஒவ்வொன்றும் 5 நிமிடம்; என்சைம் கான்ஜுகேட் 30 நிமிடம்; மறுபடி மூன்று கழுவல்; சப்ஸ்ட்ரேட் 10 நிமிடம். 10 நிமிடம் என்றால் 10தான். 'இன்னும் கொஞ்சம் கறுக்கட்டும்' என்று விட்டால் எல்லாக் கோடும் எழும். காய்ந்த பிறகே படியுங்கள். ஈர ஸ்ட்ரிப்பின் நிறம் ஏமாற்றும். ஸ்லைடும் ஸ்ட்ரிப்பும் ஒத்துப்போக வேண்டும். ஸ்ட்ரிப்பில் சென்ட்ரோமியர் கோடு வலுத்து, ஸ்லைடில் அந்தப் புள்ளிகள் இல்லையென்றால் நான் ஸ்லைடின் பக்கம்தான் நிற்பேன்.

ஏ.சி.-1 வந்தவருக்கு டி.எஸ்.டி.என்.ஏ. (இரட்டை இழை டி.என்.ஏ.வுக்கான ஆன்டிபாடி) எலைசாவில் பாசிட்டிவ் ஆனால் கிரித்திடியா ஸ்லைடில் உறுதி செய்யலாம். அந்த ஒற்றைச் செல் உயிரியின் கைனட்டோபிளாஸ்ட்டில் ஹிஸ்டோன் கலக்காத இரட்டை இழை டி.என்.ஏ. இருக்கிறது. 1:10-இல் தொடங்குங்கள். கைனட்டோபிளாஸ்ட் மின்னினால்தான் பாசிட்டிவ். உட்கருவோ, வால் பக்கத்து அடிக்கணுவோ மட்டும் மின்னினால் நெகட்டிவ். எலைசாவை விடக் குறைவாகப் பிடிக்கும், ஆனால் பிடித்தால் நம்பலாம்.

ரிப்போர்ட்டில் இவ்வளவும் இருக்கட்டும்: முறை, ஹெப்-2, தொடக்க டைல்யூஷன், பேட்டர்னின் பெயரும் ஏ.சி. எண்ணும், மெட்டாஃபேஸ் தட்டின் நிலை, கடைசி டைட்டர். நோயின் பெயரை லேப் எழுத வேண்டாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஏ.என்.ஏ. திருப்பிச் செய்யச் சொல்லி வரும் சீட்டுகளுக்கு ஒரு ஃபோன் போடுங்கள். நோயின் ஏற்ற இறக்கத்தை டி.எஸ்.டி.என்.ஏ., சி3, சி4 என்ற காம்ப்ளிமென்ட் புரதங்கள், சிறுநீர்ப் புரதம் காட்டும், ஏ.என்.ஏ. டைட்டர் காட்டாது.

ஃபோனைத் தள்ளிப்போடக் கூடாத இடம் ஒன்று உண்டு. கர்ப்பிணியின் ஸ்ட்ரிப்பில் ரோ பாசிட்டிவ் வந்தால் ரிப்போர்ட் கவுன்டரில் கிடக்கக் கூடாது, அன்றே டாக்டருக்குத் தெரிய வேண்டும். ஐ.ஜி.ஜி. நஞ்சுக்கொடி வழியே குழந்தைக்குப் போகும். ரோ ஆன்டிபாடி உள்ள தாய்மாரின் குழந்தைகளில் நூற்றுக்கு ஒன்று இரண்டுக்கு இதயத்தின் மின்கடத்தும் பாதை அடைபடலாம். 16 முதல் 26 வாரத்துக்குள்தான் அது பெரும்பாலும் தொடங்கும். கருவின் இதய எக்கோவுக்கு எங்கே அனுப்புவது, எந்த வாரத்தில் அனுப்புவது என்று டாக்டர் முடிவு செய்ய அவகாசம் வேண்டும்.